அறத்தைச் சொல்லி விற்றால் ஆதாரம் காட்ட வேண்டும்

இத்தாலியின் மிலான் நகரை ஒட்டிய பகுதியில் ஒரு பட்டறை. சீனத் தொழிலாளர்கள் தோல் கைப்பை தைக்கிறார்கள். மணிக்கு இரண்டு, மூன்று யூரோ கூலி. நாளுக்குப் பத்து மணி நேர வேலை. ஒரு பைக்குப் பட்டறைக்காரருக்குக் கிடைப்பது 93 யூரோ. அதை வாங்கும் சப்ளையர் 250 யூரோவுக்குப் பிராண்டிடம் கொடுக்கிறார். கடையில் அந்தப் பையின் விலை 1,800 யூரோ. நம் கணக்கில் ஏறக்குறைய 1.8 லட்சம் ரூபாய். ஜார்ஜியோ அர்மானி குழுமத்தின் உற்பத்தி நிறுவனம் ஒன்றை 2024 ஏப்ரலில் நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் வைக்க மிலான் நீதிமன்றம் உத்தரவிட்டபோது வெளிவந்த கணக்கு இது.

அந்தக் குழுமம் அதே காலத்தில் தொழிலாளர் நலன், பாதுகாப்பு, சமூகப் பொறுப்பு என்று வாடிக்கையாளர்களிடம் உயர்வாகப் பேசிக்கொண்டிருந்தது. அந்தப் பேச்சை இத்தாலியின் போட்டி ஆணையம் விசாரித்தது. 2025 ஆகஸ்ட்டில் 35 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. உற்பத்தியைக் கூட்டுவதற்காக ஒப்பந்தப் பட்டறைகளில் இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகள் கழற்றப்பட்டிருந்தன. சுகாதார ஏற்பாடுகள் போதவில்லை. பலர் முறையான பதிவின்றி வேலை செய்தார்கள். நிறுவனங்களுக்கு இது தெரிந்தே இருந்தது என்றெல்லாம் ஆணையம் கூறியது. நிறுவனம் இதை மறுத்தது. மேல்முறையீடு செய்வதாக அறிவித்தது. நீதிமன்ற நிர்வாகமும் 2025 பிப்ரவரியிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டிருந்தது.

இந்த அபராத உத்தரவின் முக்கியத்துவம் தொகையில் இல்லை. 2024இல் அர்மானியின் வருவாய் சுமார் 230 கோடி யூரோ. அதில் 35 லட்சம் என்பது ஆயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை. அபராதம் எதற்காக விதிக்கப்பட்டது என்பதைத்தான் பார்க்க வேண்டும். குறைந்த கூலிக்கும் பதிவில்லா வேலைக்கும் வேறு சட்டங்கள் இருக்கின்றன. இங்கே தண்டிக்கப்பட்டது, வாடிக்கையாளரிடம் சொன்ன சொல். ‘நாங்கள் அறத்தோடு தொழில் செய்கிறோம்’ என்று சொல்லிப் பொருளை விற்றுவிட்டு, அதற்கு மாறான நிலையைக் கண்டுகொள்ளாமல் இருந்தது முறையற்ற வணிக நடைமுறை என்று ஓர் அரசு அமைப்பு தீர்மானித்திருக்கிறது.

துணி வாங்குபவர் இரண்டு பொருட்களுக்குக் காசு கொடுக்கிறார். ஒன்று, கையால் தொட்டுப் பார்க்கும் துணி. மற்றொன்று, அந்தத் துணி யாரையும் வதைக்காமல் தயாரானது என்ற உறுதிமொழி. முதலாவதில் ஓட்டை இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம். இரண்டாவதில் ஓட்டை இருந்தால் அதைக் கண்டறியவே முடியாது. அதனால்தான் இங்கே சட்டத்தின் கை அவசியமாகிறது. அறத்தைச் சொல்லி விற்பவர் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். காட்ட முடியாதவர் பதில் சொல்ல வேண்டும்.

நைக்கி வழக்கு கேட்ட கேள்வி

இந்தக் கோரிக்கைக்குக் கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. 1990களில் நைக்கி நிறுவனத்தின் காலணிகளைத் தைத்த வியட்நாம், இந்தோனேசியா, சீன ஆலைகளைப் பற்றிக் கடும் குற்றச்சாட்டுகள் எழுந்தன. நிறுவனம் செய்தி அறிக்கைகள் வெளியிட்டது. பல்கலைக்கழகத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதியது. ஆலைகளில் உள்ளூர்ச் சட்டப்படி கூலி தரப்படுகிறது, யாரும் அடிக்கப்படுவதில்லை, உடல்நலமும் பாதுகாப்பும் பேணப்படுகின்றன என்று அவற்றில் உறுதி கூறியது.

1997 நவம்பரில், அந்த நிறுவனத்துக்காகவே எர்ன்ஸ்ட் அண்ட் யங் தயாரித்த ஓர் உள் தணிக்கை அறிக்கை வெளியே கசிந்தது. ஹோ சி மின் நகருக்கு அருகிலிருந்த ஓர் ஆலையின் சில பகுதிகளில் நச்சு வேதிப்பொருளின் அளவு உள்ளூர் வரம்பைப் போல் 177 மடங்கு இருந்ததாகவும், தொழிலாளர்களில் 77 சதவீதம் பேருக்குச் சுவாசக் கோளாறு இருந்ததாகவும் அது சொன்னது. வெளியே சொன்னது ஒன்று, உள்ளே படித்தது வேறொன்று என்ற ஐயம் இதிலிருந்து வலுத்தது.

1998இல் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த மார்க் காஸ்கி என்ற செயற்பாட்டாளர் கலிஃபோர்னியாவின் பொய் விளம்பரச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தார். நைக்கி கருத்துச் சுதந்திரத்தை முன்வைத்து வாதாடியது: நாங்கள் பொது விவாதம் ஒன்றில் கலந்துகொண்டோம், அது விளம்பரம் ஆகாது என்றது. 2002 மே மாதம் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம், நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அதை ஏற்க மறுத்தது. வணிகர் ஒருவர், வாங்கக்கூடியவர்களை நோக்கி, தன் தொழிலைப் பற்றிய தகவல்களைச் சொன்னால் அது வணிகப் பேச்சுதான். அதில் பொய் இருந்தால் சட்டம் கேட்கும் என்றது. நைக்கி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2003 ஜூனில் அந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லாமலேயே மனுவை விலக்கிவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் 15 லட்சம் டாலரில் வழக்கு சமரசமானது. ஆலைகளைக் கண்காணிக்கும் ஓர் அமைப்புக்கு அந்தப் பணம் போனது. சொன்னது உண்மையா பொய்யா என்பதை எந்த நீதிமன்றமும் கடைசிவரை விசாரிக்கவில்லை.

காஸ்கி அந்தக் காலணியை வாங்கியவர் என்று நிரூபிக்க வேண்டிய தேவை அன்றைய சட்டத்தில் இல்லை. பொதுநலனுக்காக யாரும் வழக்குப் போடலாம் என்றிருந்தது. 2004இல் கலிஃபோர்னிய வாக்காளர்கள் அந்தக் கதவைக் குறுக்கினார்கள்; பண இழப்புக்கு ஆளானவரே வழக்காட முடியும் என்றானது. ஆனாலும் 2011இல், ‘அமெரிக்காவில் தயாரானது’ என்று பொய்யாக எழுதிய பூட்டு நிறுவனத்தின் வழக்கில் அதே மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தெளிவான விடையைக் கொடுத்தது. லேபிளை நம்பிக் காசு கொடுத்தவருக்கு லேபிள் பொய்யாகும்போது இழப்பு ஏற்படுகிறது. பூட்டு நன்றாகப் பூட்டுகிறதே என்பது பதில் ஆகாது. துணிக்கும் இது அப்படியே பொருந்தும். சட்டை கிழியாமல் இருப்பதால் லேபிளின் பொய் மன்னிக்கப்படுவதில்லை.

தொழிலாளியின் வழக்கு தோற்கும் இடம்

பாதிக்கப்படுபவர் தொழிலாளி, வாடிக்கையாளர் பெயரில் ஏன் வழக்காட வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொழிலாளி நேரடியாகப் போராடிய ஒரு வழக்கைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

2012 செப்டம்பர் 11 அன்று பாகிஸ்தானின் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆடை ஆலை எரிந்தது. 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீ வைக்கப்பட்டது என்று பின்னாளில் கராச்சி நீதிமன்றம் கண்டது. ஆனால் கம்பி போட்ட ஜன்னல்களும் வெளியேற வழியில்லாத அமைப்பும் இல்லாதிருந்தால் இத்தனை உயிர் போயிருக்காது. அந்த ஆலையின் முக்கிய வாடிக்கையாளர் ஜெர்மனியின் மலிவுவிலைத் துணிக்கடை நிறுவனமான கிக். இறந்தவர்களின் குடும்பத்தார் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். 2019 ஜனவரியில் வழக்கு தள்ளுபடியானது. பாகிஸ்தான் சட்டப்படி காலவரம்பு முடிந்துவிட்டது என்பதுதான் காரணம். ஆலையின் பாதுகாப்புக்கு வாங்குபவர் பொறுப்பா என்ற மையக் கேள்வியை நீதிமன்றம் தொடவே இல்லை. வழக்குக்கு வெளியே, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முயற்சியில் 2016இல் கிக் 50 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தர ஒப்புக்கொண்டதே குடும்பங்களுக்குக் கிடைத்த ஆறுதல்.

இப்போது அதே ஜெர்மனியில் 2010இல் நடந்ததைப் பாருங்கள். லிடில் அங்காடி நிறுவனம் தன் விளம்பரத் தாள்களில், உலகம் முழுவதும் நியாயமான பணிச்சூழலுக்குத் துணை நிற்பதாக எழுதியிருந்தது. அதற்குத் துணி தைத்துக் கொடுத்த வங்கதேச ஆலைகளின் தொழிலாளர்களிடம் பேசியவர்கள் வேறு நிலையைக் கண்டார்கள். ஹாம்பர்க் நுகர்வோர் மையம் முறையற்ற வணிகப் போட்டியைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடுத்தது. சில வாரங்களிலேயே லிடில் அந்த விளம்பர வாசகங்களைத் திரும்பப் பெற்றது. இனி அப்படிச் சொல்வதில்லை என்று எழுதிக் கொடுத்தது.

கராச்சி வழக்கில் வேறொரு நாட்டின் சட்டம், காலவரம்பு, ஆலைக்கும் கடைக்கும் இடையிலான சட்ட உறவு என்று பல சுவர்கள். லிடில் வழக்கில் விளம்பரம் அச்சான இடம் ஜெர்மனி, படித்தவர் ஜெர்மானியர், சட்டம் ஜெர்மனியுடையது. ‘எங்கோ நடந்தது, எங்களுக்குத் தெரியாது’ என்று கைகழுவ வழியில்லை; விளம்பரத்தை எழுதியது அந்த நிறுவனமேதான். விளம்பரச் சட்டத்தின் வலிமை இதுதான். தொழிலாளியின் இழப்பீட்டு உரிமைக்கு அது மாற்று ஆகாது. அந்த உரிமையை வென்றெடுக்கும்வரை பொய்யின் மேல் லாபம் பார்ப்பதையாவது அது நிறுத்தும்.

சான்றிதழ் யாருடைய சாட்சி?

நிறுவனங்களிடம் ஆதாரம் கேட்டால் முதலில் நீட்டுவது தணிக்கைச் சான்றிதழ். கராச்சி ஆலைக்கும் எஸ்.ஏ. 8000 என்ற சர்வதேசச் சான்றிதழ் இருந்தது. தொழிலாளர் பாதுகாப்புக்கும் நலனுக்கும் உறுதி தரும் அந்தச் சான்றிதழை ஆலை பெற்றது தீப்பற்றுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட ராணா பிளாசா கட்டடத்திலும் தணிக்கை பார்க்கப்பட்ட ஆலைகள் இருந்தன.

இந்தத் தணிக்கை எப்படி நடக்கிறது என்பது திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்வரும் எவருக்கும் தெரியும். தொழிற்சங்கத்தினரும் ஆய்வறிக்கைகளும் திரும்பத் திரும்பச் சொல்லும் காட்சி அது. ஆடிட் வரும் தேதி முன்கூட்டியே தெரியும். அட்டைப்பெட்டி அடுக்கி அடைத்து வைத்திருந்த அவசர வழி அன்று திறந்திருக்கும். முதலுதவிப் பெட்டியில் மருந்து நிறைந்திருக்கும். பவர்டேபிளில் கழற்றிவைத்த ஊசிக் காப்பு மறுபடி ஏறியிருக்கும். செக்கிங் பெண்களுக்குப் புது முகக்கவசம் வந்திருக்கும். எத்தனை மணிக்கு வேலை முடிகிறது என்று கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருப்பார். வருகைப் பதிவேடு இரண்டு இருக்கும். ஆடிட்டர் மேசைக்கு ஒன்று, சம்பளம் போட மற்றொன்று. எல்லா ஆலைகளும் இப்படி இல்லை. நல்ல முறையில் நடத்தும் முதலாளிகள் அதே ஊரில் இருக்கிறார்கள். ஆனால் அந்த நல்ல ஆலையையும் இந்த ஆலையையும் வேறுபடுத்திக் காட்டத் தாளில் எழுதிய சான்றிதழுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் ஒரே முத்திரை விழுகிறது. பொய்ச் சொல்லால் முதலில் நஷ்டப்படுபவர் நேர்மையான உற்பத்தியாளர் என்பதையும் இங்கேதான் புரிந்துகொள்கிறோம்.

முத்திரையின் நிலை பருத்தியிலும் இதுதான். ஆர்கானிக் ஜவுளிக்குச் சான்று தரும் காட்ஸ் அமைப்பு, இந்தியாவில் போலிச் சான்றுகளின் பேரில் 20,000 டன் பருத்தி ஆர்கானிக் என்று நுழைந்ததை 2020 அக்டோபரில் தானே அறிவித்தது. அந்தப் பருத்தியில் நெய்ததை நம்பி வாங்கியவர்கள் உலகெங்கும் கூடுதல் விலை கொடுத்தார்கள்.

சான்றிதழுக்குக் காசு கொடுப்பது பெரும்பாலும் ஆலை முதலாளி; சான்றிதழைக் காட்டிப் பெயர் வாங்குவது பிராண்ட். நடுவில் தணிக்கையாளருக்கு இரண்டு பக்கமும் வாடிக்கையாளர்கள்தாம். இந்த அமைப்பில் உண்மையைத் தேடிப் போகும் அக்கறை யாருக்கும் இல்லை. ஆகவே சான்றிதழ் இருக்கிறது என்பதை விளம்பரதாரரின் பொறுப்பை முடித்துவைக்கும் ரசீதாகச் சட்டம் ஏற்கக் கூடாது.

விலையும் தேதியும் சொல்லும் உண்மை

ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூருக்கு இந்த விவாதத்தில் நேரடிப் பங்கு உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ‘நியாயமாகத் தயாரிக்கப்பட்டது’ என்ற அட்டை தொங்கும் துணிகளில் ஒரு பகுதி இங்கிருந்துதான் போகிறது. அந்த அட்டையில் எழுதியதற்கு யார் பொறுப்பு என்று கேட்டால், ‘சப்ளையர் எங்கள் நெறிமுறையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்’ என்கிறது பிராண்ட்.

அந்த நெறிமுறையோடு வரும் ஆர்டரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சாம்பிளுக்கு ஒப்புதல் தர பையர் இரண்டு வாரம் தாமதிக்கிறார். கடைசி நேரத்தில் நிறம் மாறுகிறது. ஷிப்மென்ட் தேதி மட்டும் மாறுவதில்லை. தேதி தவறினால் விமானத்தில் அனுப்பும் செலவு ஏற்றுமதியாளர் தலையில். அவர் என்ன செய்வார்? காலை எட்டரைக்குத் தொடங்கிய ஷிப்ட் ஒன்றரை ஷிப்ட் ஆகிறது. ஷிப்மென்ட் நெருங்கினால் விடிய விடிய ஓடுகிறது. முடியாத பங்கு ஜாப் ஒர்க்குக்கு வெளியே போகிறது. அங்கே எந்த ஆடிட்டரும் எட்டிப் பார்ப்பதில்லை. ‘கட்டாய ஓவர்டைம் கூடாது’ என்று எழுதிய கைதான், ஓவர்டைம் இல்லாமல் முடிக்கவே முடியாத தேதியையும் எழுதுகிறது. நெறிமுறைக்கும் ஆர்டருக்கும் முரண்பாடு இருந்தால், விளம்பரத்தில் வரும் சொல் பொய் என்பதற்கு அந்த ஆர்டர் தாளே சாட்சி. விசாரிக்கும் அமைப்பு ஆலையின் வருகைப் பதிவேட்டை மட்டும் புரட்டாமல், பிராண்டின் கொள்முதல் ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு மறைவிடமும் உண்டு. பிராண்டின் நெறிமுறை பெரும்பாலும் தையல் ஆலையோடு நின்றுவிடுகிறது. நூல் மில் அதற்கு இரண்டு படி பின்னால் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி மில்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்கவைத்து, முடிவில் கல்யாணத்துக்கென்று மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி வேலை வாங்கியதை நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வு நிறுவனமான சோமோ 2011இல் வெளியிட்ட அறிக்கை உலகுக்குச் சொன்னது. 2014இல் வந்த அடுத்த அறிக்கையும் மில்களின் நிலையை மறுபடி எடுத்துக்காட்டியது. லேபிள் முழுத் துணியைப் பற்றிப் பேசுகிறது. சோதனை பாதித் துணியைத்தான் பார்க்கிறது. இப்படிப் பாதி உண்மையை முழு உண்மையாகச் சொல்வதும் தவறாக வழிநடத்துவதுதான்.

நகைக்கடைக்காரர் 18 காரட் தங்கத்தை 22 காரட் என்று விற்றால், ‘ஆசாரி ஏமாற்றிவிட்டார்’ என்று சொல்லித் தப்ப முடியாது. விற்றவர் அவர், பொறுப்பும் அவருடையது. ஆசாரியிடம் அவர் தனியே கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். துணிக்கும் அதே நியாயம் வேண்டும். விளம்பரத்தின் பொறுப்பு விளம்பரம் செய்தவரோடு நிற்க வேண்டும். திருப்பூர்ச் சிறு முதலாளியின் தலையில் அதை இறக்கிவைக்கச் சட்டம் இடம் கொடுக்கக் கூடாது.

பசுமைக்கு விதி, கூலிக்கு இல்லை

கடந்த சில ஆண்டுகளில் சுற்றுச்சூழல் பற்றிய பொய்களை அரசுகள் பிடிக்கத் தொடங்கியிருக்கின்றன. ஐரோப்பிய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், பரிசோதித்த சுற்றுச்சூழல் வாசகங்களில் 53 சதவீதம் தெளிவற்றவை, திசைதிருப்புபவை அல்லது அடிப்படையற்றவை; 40 சதவீதத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. 2022இல் நெதர்லாந்தின் நுகர்வோர் ஆணையம் தலையிட்டபின் எச் அண்ட் எம் ‘கான்ஷியஸ்’ என்ற வாசகத்தையும் டெகாத்லான் ‘எக்கோடிசைன்’ என்ற வாசகத்தையும் திருத்த ஒப்புக்கொண்டன. முறையே ஐந்து லட்சம், நான்கு லட்சம் யூரோ நன்கொடையும் தந்தன. பிரிட்டனில் ஏசோஸ், பூஹூ, ஆஸ்டாவின் ஜார்ஜ் ஆகியவை 2024 மார்ச்சில் தங்கள் பசுமை வாசகங்களைச் சீர்செய்வதாக எழுதிக் கொடுத்தன. 2025 ஏப்ரல் முதல் பிரிட்டனின் போட்டி ஆணையம் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே உலக வருவாயில் 10 சதவீதம்வரை அபராதம் விதிக்கலாம். இதுதான் பெரிய நிறுவனங்களுக்கு வலிக்கும் அளவு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டு நுகர்வோர் வழிகாட்டுச் சட்டம் ஒரு படி முன்னே போகிறது. ஒரு பொருளின் சுற்றுச்சூழல் தன்மையோடு சமூகத் தன்மையையும், அதாவது அதைச் செய்தவர்களின் பணிநிலையையும் சேர்த்து, அவற்றைப் பற்றித் தவறான தகவல் தருவது முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. 2026 செப்டம்பர் 27 முதல் உறுப்பு நாடுகளில் இது பொருந்தும். அதே ஒன்றியத்தில், பசுமை வாசகங்களுக்கு முன்கூட்டியே ஆதாரம் கேட்கும் தனிச் சட்ட வரைவைத் திரும்பப் பெறப்போவதாக 2025 ஜூனில் ஆணையம் சொன்னது. தொழில் அமைப்புகளின் அழுத்தம் எவ்வளவு வலுவானது என்பதற்கு அது சான்று.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய்வரையும், மறுமுறை செய்தால் 50 லட்சம்வரையும் தண்டம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. 2024 அக்டோபரில் அந்த ஆணையம் பசுமைப் பூச்சைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ‘இயற்கையானது’, ‘ஆர்கானிக்’, ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று சொல்பவர்கள் நம்பத்தகுந்த ஆதாரத்தைக் காட்ட வேண்டும் என்றது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால் நதியைப் பற்றிப் பொய் சொன்னால் வழிகாட்டு நெறி இருக்கிறது; நெசவாளியைப் பற்றி, தையல்காரரைப் பற்றிப் பொய் சொன்னால் இல்லை. ‘எத்திக்கல்’, ‘நியாயமான கூலி’, ‘பெண்களை உயர்த்தும் பிராண்ட்’ என்ற வாசகங்கள் இணையக் கடைகளில் தாராளமாக உலவுகின்றன. அவற்றுக்கு என்ன ஆதாரம் வேண்டும் என்று எழுதப்பட்ட விதி நம்மிடம் கிடையாது.

எதிர்ப்பவர்கள் சொல்வது

சட்டம் கடுமையானால் நிறுவனங்கள் வாயைத் திறக்காது, நல்லதைச் செய்தாலும் சொல்லாது என்பது பழைய வாதம். காஸ்கி தீர்ப்புக்குப் பின் நைக்கி தன் சமூகப் பொறுப்பு அறிக்கையை நிறுத்திவைத்தது உண்மை. ஆனால் 2005இல் அது என்ன செய்தது? தனக்குத் தைத்துக் கொடுக்கும் 700க்கும் மேற்பட்ட ஆலைகளின் பெயர், முகவரிப் பட்டியலைப் பகிரங்கமாக வெளியிட்டது. அழகான சொற்களுக்குப் பதில் சரிபார்க்கக்கூடிய தகவல் வந்தது. பொய் சொல்ல முடியாத நிலையில் மௌனம் ஒரு வழி, உண்மை இன்னொரு வழி. வாங்குபவருக்குப் பொய்யைவிட மௌனமே மேல். மௌனத்துக்குக் கூடுதல் விலை கொடுக்க யாரும் வரமாட்டார்கள்.

இன்னொரு வாதம்: உலகெங்கும் பரந்த ஆயிரம் ஆலைகளை ஒரு நிறுவனம் எப்படிக் கண்காணிக்கும்? முடியாதென்றால், முடிந்ததாகச் சொல்லாமல் இருக்கலாம். எல்லாவற்றையும் அறிந்திருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அறியாததை அறிந்ததாகச் சொல்லி விற்காதே என்றுதான் கேட்கிறோம்.

இதனால் ஆர்டர்கள் வேறு நாட்டுக்குப் போய்விடும் என்ற அச்சம் நம் ஏற்றுமதியாளர்களிடம் உண்டு. பொறுப்பு விளம்பரதாரரிடமே நிற்கும் சட்டம் வந்தால் நிலைமை தலைகீழாகும். சாயக் கழிவால் நொய்யல் ஆறு நாசமானபோது 2011இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூர்ச் சாய ஆலைகள் மூடப்பட்டன. அதன்பின் கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்புக்குப் பெரும் பணம் செலவழித்தவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அந்தச் செலவைச் செய்யாமலேயே அதே பசுமை அட்டையைத் தொங்கவிடுபவரோடு இவர்கள் விலையில் போட்டிபோட வேண்டியிருக்கிறது. பொய் வாசகத்துக்குத் தண்டனை இருந்தால், உண்மையாகவே செலவழித்தவருக்குச் சந்தையில் மதிப்புக் கூடும்.

கட்டுப்படுத்தும் சொல்லே சொல்

உறுதிமொழி சட்டப்படி கட்டுப்படுத்தும்போது என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு சான்றுகள் உள்ளன. ராணா பிளாசாவுக்குப் பின் 200க்கும் மேற்பட்ட பிராண்டுகள் தொழிற்சங்கங்களோடு கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதில் நடுவர் மன்றத்துக்குப் போகும் உரிமை சங்கங்களுக்கு இருந்தது. சங்கங்கள் அதைப் பயன்படுத்தின. 2018 ஜனவரியில் ஒரு பிராண்ட் 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. அதில் பெரும்பகுதி ஆலைகளைச் சீர்செய்யப் போனது.

இரண்டாவது சான்று நம் மண்ணில் இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் உலகப் பிராண்டுகளுக்குத் தைக்கும் ஆலை ஒன்றில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். ஆலைக்குள் பெண்கள் அதுவரை சொல்ல அஞ்சிய பாலியல் துன்புறுத்தல்கள் அதன்பின் வெளிவந்தன. அந்த ஆலையிலிருந்து வாங்கிய பிராண்டுகளுக்கு நெறிமுறைகள் இல்லாமல் இல்லை. பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் நிறுவனமும் எச் அண்ட் எம்மும் சங்கத்தோடு கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்துக்கு வந்தன, கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சேர்ந்தன. ஆலை மீறினால் பிராண்ட் வணிக நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. பெண்கள் பயிற்சி பெற்றுத் தளத்திலேயே கண்காணிப்பாளர்களாக நின்றார்கள். இணையதளத்தில் எழுதிய நெறிமுறையால் முடியாததைக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் செய்தது.

செய்ய வேண்டியவை

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தன் 2024ஆம் ஆண்டு நெறிகளைக் கூலி, பணிநேரம், பாதுகாப்பு, குழந்தைத் தொழிலாளர் பற்றிய வாசகங்களுக்கும் விரிவுபடுத்த வேண்டும். ‘நியாயமான கூலி’ என்று எழுதினால், எந்த ஆலைகளில், எவ்வளவு கூலி, யார் சரிபார்த்தது என்ற விவரம் அதே அட்டையின் கியூ.ஆர். குறியீட்டில் இருக்க வேண்டும். உண்மையை நிரூபிக்கும் பொறுப்பு விளம்பரதாரருடையது. தணிக்கைச் சான்றிதழ் ஒன்றே போதும் என்ற தற்காப்பு செல்லாது. தண்டம் 10 லட்சத்தில் நின்றால் பெரிய நிறுவனங்கள் அதை விளம்பரச் செலவில் எழுதிவிடும். வருவாயின் சதவீதமாக அது மாற வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது இன்னொன்று. நைக்கியின் சமரசத் தொகை கண்காணிப்பு அமைப்புக்குப் போனது. அர்மானியின் அபராதம் அரசுக்குரியது. யாருடைய உழைப்பைப் பற்றிப் பொய் சொல்லப்பட்டதோ, அவர் கைக்கு எதுவும் வரவில்லை. தண்டத்தில் ஒரு பங்கு அந்த ஆலைத் தொழிலாளர்களுக்குச் சேரும்படி சட்டம் எழுதப்பட வேண்டும். புகார் கொடுக்கும் உரிமை தொழிற்சங்கங்களுக்கும் வெளிப்படையாகத் தரப்பட வேண்டும். உள்ளே நடப்பதை அறிந்தவர்கள் அவர்களே.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்கவும் வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைப் பற்றி மாவட்ட ஆட்சியரிடமே எழுத்தில் புகார் கொடுக்கலாம் என்கிறது. ஆணையத்துக்கு மின்னஞ்சலிலும் அனுப்பலாம். 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. அடுத்தமுறை ‘எத்திக்கல்’ என்று எழுதிய துணியைக் கையில் எடுக்கும்போது, எந்த ஆலையில் தைத்தது, என்ன கூலி கொடுத்தீர்கள் என்று அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த அட்டையின் படத்தோடு ஒரு புகார் எழுதுங்கள். அந்த வாசகத்துக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள். கணக்குக் கேட்பது உங்கள் உரிமை.